மலை ஊரில் சொந்த வீடு, வாசலில் இடுப்பளவு பனி: யார் தள்ளுவது, எங்கே தள்ளுவது?

மலைப்பகுதியில் வீடு வாங்குகிறவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள், ஹீட்டிங் செலவைக் கேட்கிறார்கள், ஜன்னலிலிருந்து சிகரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டப்போகிற பனியை எங்கே குவிப்பது என்று கேட்பவர்கள் குறைவு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கீழே சமவெளியில் விழும் பனி பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடும். மலையில் அப்படியில்லை, நவம்பரில் விழுந்தது ஏப்ரல் வரை அங்கேயே கிடக்கும், அதன்மேல் அடுத்தது விழும், அதற்குமேல் அடுத்தது. அதனால் கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவேன்: பனியை நகர்த்துவது பாதி வேலைதான், நகர்த்திய பனி யார் பாதையில், யார் தலையில் போய் நிற்கிறது என்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

சட்டம் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறும். நான் சொல்லும் உதாரணங்கள் அந்தந்த இடத்துக்கு மட்டுமே உரியவை. உங்கள் ஊர் நகராட்சியின் விதியை முதல் பனி விழுவதற்கு முன்னாலேயே ஒருமுறை படித்துவிடுங்கள், பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் இருக்கும்.

வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதை நகராட்சியுடையது. அதை நான் ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

நிலம் அவர்களுடையது, வேலை உங்களுடையது. உலகில் பனி கொட்டும் பல இடங்களில் ஏற்பாடு இதுதான். ஆஸ்திரியாவில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது: ஊர் எல்லைக்குள் இருக்கும் மனையின் உரிமையாளர், தன் மனை நீளத்துக்கு, எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கும் நடைபாதையைக் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை பனியில்லாமல் வைத்திருக்க வேண்டும், வழுக்கினால் மணலோ சரளையோ தூவ வேண்டும். நடைபாதையே இல்லையென்றால் சாலை ஓரத்தில் 1 மீட்டர் அகலத்துக்கு. ஜெர்மனியில் நகராட்சிகள் தங்கள் உள்ளூர் விதிகள் மூலம் இந்தக் கடமையை வீட்டுக்காரர் பக்கம் மாற்றிவிடுகின்றன, வேலைநாட்களில் காலை 7 முதல் இரவு 8 வரை என்பது பரவலாகக் காணப்படும் நேரம். அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர், டென்வர் போன்ற ஊர்களிலும் நடைபாதை வீட்டுக்காரர் தலையில்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம், பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சி போடும் அபராதம். இன்னொன்று, யாராவது வழுக்கி விழுந்தால் கேட்கும் நஷ்டஈடு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக வரும் என்று இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் சொன்னது இதுதான்: நகராட்சி நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உள்ளூர் விதி இருந்தாலும், அதில் விழுந்தவருக்கு, நடைபாதையை ஒட்டியிருக்கும் வீட்டின் உரிமையாளர் நஷ்டஈடு தர வேண்டிய கடமை பொதுவாக இல்லை. ஆனால் உங்கள் மனையிலிருந்து வழிந்த தண்ணீர் நடைபாதையில் உறைந்து அதில் ஒருவர் விழுந்தால் கதை வேறு. அங்கே ஆபத்து உங்கள் இடத்திலிருந்து கிளம்பிப் போயிருக்கிறது. ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ இந்த ஒன்டாரியோ பதிலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அங்கே கடமையை மீறி ஒருவர் கால் உடைந்தால் வீட்டுக்காரரிடமே வருவார்கள்.

எத்தனை மணி நேரத்துக்குள் தள்ள வேண்டும்? இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தால்?

ஊர் விதியில் எழுதியிருக்கும் நேரம்தான். டென்வரில் பனி நின்றபிறகு கடைகளுக்கு 4 மணி நேரம், வீடுகளுக்கு 24 மணி நேரம். போல்டரிலும் 24 மணி நேரம். கடிகாரம் பனி நின்றதிலிருந்து ஓடுகிறது, ஆரம்பித்ததிலிருந்து இல்லை.

கொட்டும்போதே தரையைத் துடைத்து வைக்க வேண்டும் என்று எந்த நியாயமான நீதிமன்றமும் எதிர்பார்க்காது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2021-ல் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது, புயல் முடிந்து நியாயமான அவகாசம் ஆன பிறகுதான் வணிக இடத்துக்காரரின் கடமை தொடங்கும் என்று. சில விதிவிலக்குகளும் வைத்தது, இடத்துக்காரரே ஆபத்தைக் கூட்டியிருந்தால் புயலைக் காரணம் காட்ட முடியாது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு வேலையாக யோசித்தாலும், மலையில் மூன்று நாள் விடாமல் கொட்டும்போது நிற்கட்டும் என்று காத்திருப்பது தப்புக் கணக்கு. 15 சென்டிமீட்டர் சேர்ந்தவுடன் ஒருமுறை தள்ளினால் கை தாங்கும். 60 சென்டிமீட்டர் சேர்ந்து, அடியில் இருப்பது அமுங்கி இறுகி, மேலே கார் ஏறி இறங்கியிருந்தால், அது மண்வாரியால் ஆகிற வேலை கிடையாது.

"தள்ளாமல் அப்படியே விட்டால் தப்பித்துக்கொள்ளலாம், தள்ளினால்தான் வழக்கு வரும்" என்கிறார்களே?

இது பாதி உண்மையிலிருந்து கிளம்பிய பேச்சு. அமெரிக்காவின் சில மாநிலங்களில், இயற்கையாக விழுந்து கிடக்கும் பனிக்கு உரிமையாளர் பொறுப்பில்லை, மனிதர் கைபட்டு உண்டான ஆபத்துக்குத்தான் பொறுப்பு என்ற பழைய நியதி இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இதைக் கேட்ட வீட்டுக்காரர்கள் "அப்படியானால் தொடவே வேண்டாம்" என்று முடிவுகட்டினார்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2010-ல் இந்த வேறுபாட்டையே தூக்கிப் போட்டது. மற்ற ஆபத்துகளுக்கு எப்படியோ பனிக்கும் அப்படியே, நியாயமான கவனம் எடுத்தாயா இல்லையா என்பதுதான் கேள்வி என்றது. இலினாய் மாநிலம் வேறு வழியில் போயிற்று. வீட்டு முன் நடைபாதையை நல்ல மனதோடு சுத்தம் செய்கிறவரை, வேண்டுமென்றே ஆபத்து செய்தாலொழிய, பாதுகாக்கத் தனிச் சட்டமே வைத்திருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், தள்ளாமல் விடுவதை ஒரு தந்திரமாக யாருக்கும் சொல்லித் தராதீர்கள். அந்த வழியில் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது, தபால்காரர் இருக்கிறார், ஆம்புலன்சில் வருகிறவர் ஸ்ட்ரெச்சரோடு வர வேண்டியிருக்கும்.

நான் வாசலைச் சுத்தம் செய்து முடித்த பத்தாவது நிமிடம் பனி தள்ளும் வண்டி வந்து வாசலை அடைத்துவிட்டுப் போகிறது. அதை யார் எடுப்பது?

நீங்கள்தான். மலை ஊர்களில் அதிகச் சண்டை, வண்டி வாசலில் விட்டுப்போகும் இந்தப் பனி வரப்புக்காகத்தான் நடக்கிறது, நகராட்சிக்கு அதிகம் திட்டு விழுவதும் இதற்காகத்தான். கோபம் நியாயம்தான், ஏனென்றால் வண்டி தள்ளிவிட்டுப் போவது பஞ்சுபோன்ற புதுப்பனி இல்லை. சாலையில் டயர் மிதித்து, உப்பும் சேறும் கலந்து, கட்டிகட்டியாக இருப்பது, இரவு ஒன்று போனால் கல்லாகிவிடும். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் ஒவ்வொரு வாசலிலும் முன்னால் இருக்கும் பனி தள்ளும் தகட்டைத் தூக்கி இறக்கிக்கொண்டு போனால் மொத்த ஊரின் சாலையும் மதியம் வரை திறக்காது. அதனால் பெரும்பாலான இடங்களில் வரப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. வயதானவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் மட்டும் வரப்பை எடுத்துத் தர சில நகராட்சிகள் தனியாகப் பதிவு வைத்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

வரப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு, நன்றாகவே வேலை செய்யும். பனி வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், உங்கள் வாசலுக்கு முன்னதாக, சாலை ஓரத்தில் ஒரு கார் நீளத்துக்கு இடத்தைக் காலியாக்கி வையுங்கள். வண்டி தகட்டில் சேர்த்துக்கொண்டு வரும் பனி அந்தக் காலி இடத்தில் கொட்டிவிடும், உங்கள் வாசலைத் தாண்டும்போது தகட்டில் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில், வாசலில் சாலையைப் பார்த்து நின்றால் இது உங்கள் இடக்கைப் பக்கம். இடப்பக்கம் ஓட்டும் ஜப்பான் போன்ற நாடுகளில் வலக்கைப் பக்கம்.

இன்னொன்று, பனி விழும் முன்பே மனையின் ஓரங்களில், படிக்கட்டு, கல் சுவர், தோட்டக் குழாய் எல்லாம் இருக்கும் இடத்தில் உயரமான கம்புகளை நட்டு வையுங்கள். ஒரு மீட்டர் பனிக்கு அடியில் உங்கள் கல் சுவர் இருப்பது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்?

பனியை எதிர்ப்பக்கச் சாலை ஓரத்திலோ பக்கத்து வீட்டுக் காலி மனையிலோ தள்ளிவிடலாமா?

கூடாது. சாலையில் தள்ளுவது அநேகமாக எல்லா ஊரிலும் விதிமீறல், அதில் ஏறி ஒரு கார் சறுக்கினால் முதலில் உங்களைத்தான் தேடுவார்கள். பக்கத்து மனையில் தள்ளுவதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். "அது சும்மாதானே கிடக்கிறது" என்று தோன்றும், ஆனால் அங்கே நீங்கள் குவித்தது வசந்தத்தில் உருகி அவர்கள் அடித்தளத்துக்குள் இறங்கும், அல்லது அங்கே புதைந்திருக்கும் வேலியையும் செடியையும் நசுக்கும். நல்ல பழக்கம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது இன்னும் எளிது. சாலைச் சந்திப்பிலும் வாசல் முனையிலும் ஆள் உயரத்துக்குக் குவிப்பதும் ஆபத்து, வெளியே வரும் காருக்கு எதிரே வருவது தெரியாது, முக்கியமாகக் குழந்தைகள்.

கூரையில் எவ்வளவு பனி இருந்தால் பயப்பட வேண்டும்?

உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, எடையைப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. சில வாரம் கிடந்து அமுங்கியது 200 முதல் 300 கிலோ. ஈரம் ஏறிய பழைய பனி 400-ஐத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் 30 சென்டிமீட்டர் உலர் பனி என்றால் சுமார் 3 டன். அதே 30 சென்டிமீட்டர் ஈரப்பனி என்றால் 12 டன். கீழே நின்று பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கனமான பனிக்கு மேல் மழை பெய்யும் நாள்தான் மோசமான நாள், பனி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

2006 ஜனவரி 2 அன்று ஜெர்மனியின் பவேரிய ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பாட் ரைக்கன்ஹால் ஊரில் ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கின் கூரை இடிந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். அன்று மாலை நடக்க வேண்டிய ஐஸ் ஹாக்கி பயிற்சியைக் கூரைப் பனியை நினைத்து ரத்து செய்திருந்தார்கள், ஆனால் பொதுமக்கள் சறுக்குவது மட்டும் தொடர்ந்தது. மாலை நான்கு மணிக்குச் சற்று முன்னால் கூரை இறங்கியது. பனி மட்டும் காரணமில்லை, பழைய மரச் சட்டங்களில் கட்டுமானக் குறைகள் இருந்தன, ஈரம் பசையைக் கெடுத்திருந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி போலந்தின் கட்டோவிட்சேயில் ஒரு கண்காட்சிக் கூடம் பனி எடையில் இடிந்து 65 பேர் போனார்கள். பாட் ரைக்கன்ஹாலை நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒரே காரணத்துக்காக: ஆபத்து என்று தெரிந்து ஒரு குழுவை அனுப்பாமல் நிறுத்தியவர்கள், இன்னொரு குழுவை வெளியேற்றவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், பிறகு பனியைப் பற்றி யோசியுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டிய அறிகுறிகள்: உள்ளே திடீரென்று கதவுகள் இறுகி மூட மறுப்பது, சுவரிலும் மேற்கூரையிலும் புது விரிசல், கூரைப் பலகை தொய்வது, மரம் முறுகுகிற சத்தம். இதில் ஒன்று இருந்தாலும் மேலே ஏறாதீர்கள், வெளியேறி, பொறியாளரையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

அப்படியானால் நானே ஏறித் தள்ளிவிடவா?

வேண்டாம். ஜப்பானில் 2005-06 குளிர்காலத்தில் கடும் பனியால் 152 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பனி அகற்றும்போது இறந்தவர்கள், அதிலும் முதியவர்களே அதிகம். கூரையிலிருந்து விழுவது, கூரையிலிருந்து சரியும் பனியில் புதைவது, இரண்டும். கயிறும் இடுப்புப் பட்டையும் இல்லாமல், கீழே ஒருவர் இல்லாமல், தனியாக ஏறுகிறவர்களைத்தான் மலை ஊர்களில் இழக்கிறோம்.

தாழ்வான கூரை என்றால் தரையில் நின்றே நீளமான கைப்பிடி வைத்த கூரை வாரியால் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடலாம், மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. ஆள் வைத்துச் செய்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். இரண்டு சரிவையும் மாற்றி மாற்றிச் சமமாகக் குறைக்க வேண்டும், ஒரு பக்கத்தை முழுசாகக் காலி செய்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து கூரைக்கு இன்னும் கெடுதல். கூரைப் பரப்பு தெரியும் வரை சுரண்டவும் கூடாது, ஐந்து பத்து சென்டிமீட்டர் விட்டுவிட்டால் கூரை ஓடுகளும் தகரமும் பிழைக்கும்.

கூரையிலிருந்து பனி சரிந்து கீழே போகிறவர்மேல் விழுந்தால்?

உங்கள் கூரை, உங்கள் பொறுப்பு, பெரும்பாலான இடங்களில். ஆஸ்திரியாவின் அதே 93-ஆம் பிரிவு, சாலையை ஒட்டிய கட்டடங்களின் கூரையிலிருந்து தொங்கும் பனி விளிம்பையும் பனிக்கட்டியையும் அகற்றச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் கடன்பாட்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவுப்படி, கட்டடத்தின் குறையாலோ பராமரிப்புக் குறையாலோ வரும் சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பு. கூரையில் பனித் தடுப்புக் கம்பி வைக்க வேண்டுமா என்பது ஜெர்மனியில் அந்தப் பகுதி எவ்வளவு பனி பெறும், ஊரில் வழக்கம் என்ன, கூரை எவ்வளவு சரிவு என்பதைப் பொறுத்து அமையும், ஆகவே மலை ஊரில் எதிர்பார்ப்பு அதிகம்.

தகரக் கூரையில் வெயில் பட்டதும் பனி மொத்தமாக ஒரே வீச்சில் இறங்கும். அதற்குக் கீழே வாசல் கதவு, எரிவாயு மீட்டர், கார் நிறுத்தும் இடம் மூன்றும் இருக்கக் கூடாது, இருந்தால் தடுப்பு போடுங்கள். "கூரைப் பனி கவனம்" என்று ஒரு பலகை மாட்டி, ஆபத்தான நாளில் நாடா கட்டி வழியை மறிப்பது நல்லது. பலகை மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகைதாரர் தள்ளட்டுமே?

ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்டாரியோவில் முடியவில்லை. கீழ்த்தள வீட்டில் இருந்த ஒருவர் உறைந்த பாதையில் விழுந்த வழக்கில் 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதையை வாடகைதாரரே சுத்தம் செய்ய வேண்டும் என்ற வரி செல்லாது என்றது. பொது இடத்தைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை, அந்த வேலையை வாடகைதாரரிடம் தருவதானால் வாடகையிலிருந்து பிரிந்து நிற்கும் தனி ஒப்பந்தமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி மாற்ற முடியும், ஆனால் அப்போதும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கடமை உரிமையாளரிடம் இருக்கிறது. எழுபது வயது அம்மா தனியாகக் குடியிருக்கும் வீட்டில் அவரைப் பனி தள்ளச் சொல்லி எழுதி வாங்குவது சட்டப்படி நிற்கலாம், மனச்சாட்சிப்படி நிற்காது.

அது விடுமுறை வீடு, குளிர்காலத்தில் நான் அங்கே இருப்பதில்லை.

இல்லாமல் இருப்பது காரணம் ஆகாது. ஆள் இல்லாத வீடுகள்தான் பெரும் தொல்லை, ஏனென்றால் பனி விழுந்தது யாருக்கும் தெரியாது, கூரை தாங்குகிறதா என்று பார்க்க யாரும் இல்லை. ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்து, பனி கொட்டியதும் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள், நீண்ட நாள் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்குத் தனி நிபந்தனைகள் இருப்பது வழக்கம். விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடுகிறவர் என்றால் உங்கள் பொறுப்பு இன்னும் கூடும், வருகிறவர் சமவெளிக்காரர், உறைந்த படியில் எப்படிக் கால் வைப்பது என்றே தெரியாதவர்.

ஆள் வைத்துவிட்டேன். இனி அவர் பொறுப்புதானே?

முழுசாக இல்லை. வேலை அவருக்குப் போகும், கடைசிப் பொறுப்பில் ஒரு பங்கு உங்களிடமே நிற்கும். ஒப்பந்தத்தில் வாய்வார்த்தை விடாதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் அவர் தானாக வர வேண்டும், எத்தனை மணிக்குள், படிக்கட்டும் பின்வாசலும் சேர்த்தியா, மணல் தூவுவது யார், குவியல் எங்கே, அந்த இடம் நிறைந்துவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது. இந்தக் கடைசிக் கேள்வியை அக்டோபரில் கேட்டால் பேரம் பேசலாம், பிப்ரவரியில் கேட்டால் அவர் சொன்னதுதான் விலை. அவருக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

எங்கள் தெரு தனியார் சாலை. நகராட்சி வண்டி வராது என்கிறார்கள்.

வராது. நகராட்சி ஏற்றுக்கொள்ளாத சாலை, அதில் வீடு வைத்திருப்பவர்களின் கூட்டுப் பொறுப்பு. சங்கம் இருந்தால் சங்கம் பார்க்கும், இல்லையென்றால் எழுத்தில் ஒரு பங்கீடு வேண்டும், மேலே கடைசியில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் பாதை முழுசும் தேவை, முதல் வீட்டுக்காரருக்குப் பத்து மீட்டர் போதும், இதை வைத்துத்தான் வருடாவருடம் மனஸ்தாபம். பங்கு எப்படிப் பிரித்தாலும் தீயணைப்பு வண்டி போகிற அகலம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு ஓரத்திலும் குவியல் வளர வளரச் சாலை சுருங்கிக்கொண்டே வரும், ஜனவரியில் இரண்டு கார் போன இடத்தில் மார்ச்சில் ஒன்றுதான் போகும். அதனால் முதல் பனியிலேயே தேவைக்கு மேல் அகலமாகத் தள்ள வேண்டும்.

வாசலையும் பாதையையும் தவிர வேறு எதைத் திறந்து வைக்க வேண்டும்?

எரிவாயுவை. புரொப்பேன் தொட்டி வைத்திருக்கும் மலை வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2022-23 குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஊர்களில் வரலாறு காணாத பனி. பனியின் எடையில் குழாய்களும் இணைப்புகளும் உடைந்து வாயு கசிந்து வீடுகள் தீப்பிடித்தன, வெடித்தன. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, பனிக்கு அடியிலேயே தவழ்ந்து வீட்டின் அடித்தளத்துக்குள் நுழையும். தொட்டி, ரெகுலேட்டர், குழாய் வீட்டுக்குள் நுழையும் இடம் மூன்றையும் கையாலோ துடைப்பத்தாலோ சுத்தம் செய்யுங்கள், மண்வாரியை ஓங்கிப் போட்டால் நீங்களே உடைத்துவிடுவீர்கள். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள்.

அடுத்தது ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே வரும் இடம். சுவர் ஓரமாகத் தாழ்வாக இருந்தால் பனி அடைத்துவிடும், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. அலாரம் வைத்திருங்கள். பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சரைத் தோண்டி எடுங்கள், இதுவும் அதே விஷம்தான். வீட்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும் தெருக் குழாய் (ஹைட்ரன்ட்) இருந்தால் அதைச் சுற்றி ஒரு மீட்டர் திறந்து வையுங்கள். விதி சொல்கிறதோ இல்லையோ, தீப்பிடித்தால் தண்ணீர் அங்கிருந்துதான் வர வேண்டும்.

உப்பைக் கொட்டினால் போதாதா?

போதாது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலையே செய்யாது, மலை இரவுகளில் அதைவிடக் குளிர். கால்சியம் குளோரைடு இன்னும் கடும் குளிரிலும் உருக்கும், விலை அதிகம். முதலில் பனியை எடுத்துவிட்டு, மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மட்டும் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பு சிமென்ட்டை உரிக்கும், மரத்தின் வேரைக் கருக்கும், உருகிய தண்ணீரோடு கிணற்றிலும் ஓடையிலும் சேரும், மலையில் ஓடை என்பது கீழே இருக்கும் ஊரின் குடிதண்ணீர். பல ஜெர்மன் நகரங்களில் தனியார் உப்பு தூவுவதற்குத் தடையே இருக்கிறது. மணலும் சரளையும் எதையும் உருக்காது, ஆனால் எந்தக் குளிரிலும் காலுக்குப் பிடிப்பு தரும்.

எனக்கு வயதாகிவிட்டது, இதயத்தில் கோளாறு. என்ன செய்வது?

நீங்கள் தள்ளவே கூடாது, இதில் சமாதானமே கிடையாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், கையை உயர்த்தித் தூக்கும் வேலை இதயத்துடிப்பை ஏற்றும், கனம் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடிப்போம், மூன்றும் ஒரே நேரத்தில் சேரும். கனடாவின் கியூபெக் மாகாணத் தரவுகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வு, கடும் பனி விழுந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. சட்டக் கடமை என்றால் நீங்களே குனிந்து தள்ள வேண்டும் என்று பொருளில்லை, வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு கொடுங்கள், நகராட்சி உதவித் திட்டத்தைக் கேளுங்கள், பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

உடம்பு நன்றாக இருப்பவரும் தூக்கி வீசாமல் தள்ளப் பழகுங்கள். பனியை அள்ளி வீசும் எந்திரம் (ஸ்னோ ப்ளோயர்) அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்த பிறகும் கையை உள்ளே விடாதீர்கள், சிக்கிய பனி விடுபட்டதும் தகடு ஒரு சுற்று சுற்றும், விரல் போகும். குச்சியால் குத்தி எடுங்கள்.

யாரோ விழுந்துவிட்டார். உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவரைப் பாருங்கள், ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேளுங்கள், போர்வை கொடுங்கள். பிறகு அந்த இடத்தை அப்படியே படம் எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். யார் தப்பு என்று அங்கேயே நின்று வாதாட வேண்டாம். எப்போது தள்ளினீர்கள், எப்போது மணல் போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த நாளில் அது பெரும் துணை.

விழுந்தது நீங்கள் என்றால் காலக்கெடுவைக் கவனியுங்கள். ஒன்டாரியோவில் தனியார் இடத்தில் விழுந்தால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், இது 2021 ஜனவரியிலிருந்து வந்த விதி. நகராட்சி நடைபாதையில் விழுந்தால் 10 நாள்தான், அங்கே நகராட்சியின் தவறும் சாதாரணக் கவனக்குறைவாக இருந்தால் போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும்.

ஏப்ரல் வந்தால் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா?

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பகலில் குவியல் உருகி வழிந்து, இரவில் பாதையின் குறுக்கே கண்ணாடிப் படலமாக உறையும், நடுக்குளிர்காலத்தைவிட இந்த வாரங்களில்தான் மக்கள் அசந்து நடக்கிறார்கள். குவியலைப் பாதையின் மேட்டுப்பக்கம் வைத்திருந்தால் இது தினமும் நடக்கும், தாழ்வுப்பக்கம் வைத்திருந்தால் நடக்காது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் நடைபாதையைப் பார்த்திருந்தால் திருப்பிவிடுங்கள். சாக்கடை மூடியைத் தேடிக் கண்டுபிடித்து மேலிருக்கும் பனிக்கட்டியை உடைத்துவிடுங்கள். சுவரை ஒட்டி இருக்கும் குவியலை ஒரு மீட்டராவது தள்ளி நகர்த்துங்கள், இல்லையென்றால் அத்தனை தண்ணீரும் அடித்தளத்துக்குள் போகும். அடுத்த வருடம் எங்கே குவிப்பது என்பதை இப்போதே மனையைச் சுற்றி நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க முடிவது இந்த வாரங்களில்தான்.